வெப்சைட் யார் பெயரில் இருக்கிறது?

வெப்சைட் வேண்டும் என்று மூங்கில்துறைப்பட்டில் என்னிடம் வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது நிறத்தைப் பற்றியோ படங்களைப் பற்றியோ அல்ல. "உங்களுக்கென்று ஒரு ஈமெயில் இருக்கா? அதன் பாஸ்வேர்டு உங்களுக்குத் தெரியுமா?" என்றுதான் கேட்பேன். பாதிப் பேர் மகனைக் கூப்பிடுவார்கள். மீதிப் பேர், "அதெல்லாம் நீயே வெச்சிக்கம்மா, எனக்கு என்னா தெரியும்?" என்பார்கள். அந்தப் பதிலில் இருக்கும் நம்பிக்கையை நான் பெரிதாக மதிக்கிறேன். ஆனால் அதை ஏற்றுக்கொள்வதில்லை. இந்தத் தொழிலில் இருக்கும் யாருமே ஏற்றுக்கொள்ளக் கூடாது என்று நினைக்கிறேன்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதைப் புரியவைக்க நீண்ட பேச்சு தேவைப்படாது. கள்ளக்குறிச்சி-1 கூட்டுறவு சர்க்கரை ஆலை இங்கேதான் இருக்கிறது. என் அப்பா கரும்பு வைத்தவர். கரும்பை ஆலையில் யார் பெயரில் பதிவு செய்கிறோமோ அவர் பெயருக்குத்தான் வெட்டு உத்தரவு வரும். பணமும் அவர் வங்கிக் கணக்குக்குத்தான் போகும். தண்ணீர் கட்டியது யார், சோகை உரித்தது யார் என்று பதிவேடு கேட்காது. டொமைனும் அப்படித்தான். உங்கள் கடைக்கு இணையத்தில் இருக்கும் முகவரி அது. அதைப் பதிந்து தருகிற நிறுவனத்துக்கு ரெஜிஸ்ட்ரார் என்று பெயர். அந்த ரெஜிஸ்ட்ராரிடம் உரிமையாளர் என்று யாருடைய பெயரும் ஈமெயிலும் இருக்கின்றனவோ, அவர் சொல்வதைத்தான் அவர்கள் கேட்பார்கள். காசு கொடுத்தது நீங்கள் என்பது அங்கே எங்கும் எழுதப்பட்டிருக்காது.

எனக்குத் தெரிந்த அரிசி வியாபாரி ஒருவர் இருக்கிறார். 25 கிலோ பைகளில் கடைப் பெயரோடு வெப்சைட் முகவரியையும், ஸ்கேன் செய்யும் கியூஆர் கட்டத்தையும் சேர்த்து அச்சடித்திருந்தார். வெப்சைட்டைச் செய்துகொடுத்தது சொந்தக்காரப் பையன். டொமைனைத் தன் ஈமெயிலில், தன் போன் எண்ணில் பதிந்திருந்தான். பிறகு அவனுக்கு வளைகுடாவில் வேலை கிடைத்தது. இங்கிருந்த எண்ணுக்கு ரீசார்ஜ் செய்ய ஆளில்லை. டாட் காம் முகவரி காலாவதியாவதற்கு ஒரு மாதம் முன்பும் ஒரு வாரம் முன்பும் நினைவூட்டல் அனுப்ப வேண்டும் என்பது உலக அளவில் டொமைன்களை ஒழுங்குபடுத்தும் ஐகான் அமைப்பின் விதி. நினைவூட்டல் போகத்தான் போயிற்று, அவன் திறந்தே பார்க்காத பழைய ஈமெயிலுக்கு. காலாவதிக்குப் பிறகு ரெஜிஸ்ட்ரார்கள் தரும் அவகாசம் போனது. அதற்கும் பிறகு, கூடுதல் கட்டணம் கட்டி மீட்டுக்கொள்ளத் தரப்படும் 30 நாளும் போனது. முகவரி பொதுவுக்கு வந்தது. யாரோ எடுத்துக்கொண்டார்கள்.

அரிசிப் பையை ஸ்கேன் செய்த ஒரு வாடிக்கையாளர் போன் செய்துதான் வியாபாரிக்கு விஷயமே தெரிந்தது. திரையில் சூதாட்ட விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. மளிகைக் கடைகளில் அடுக்கியிருந்த மூட்டை ஒவ்வொன்றிலும் அவருடைய பெயர், அதன் கீழே அந்தச் சூதாட்டத்துக்கு வழி. மிச்சமிருந்த பைகள் மேல் ஸ்டிக்கர் ஒட்ட ஆள் வைத்தார்.

அந்தப் பையன் ஏமாற்றவில்லை. இந்தக் கதையில் எனக்கு வலிக்கிற இடம் அதுதான். மாமாவுக்குச் சிரமம் வேண்டாம் என்று எல்லாவற்றையும் தன் தலையில் போட்டுக்கொண்டவன் அவன். போன் எண் விஷயத்தில் இன்னொரு ஆபத்தும் உண்டு. இந்தியாவில் துண்டிக்கப்பட்ட மொபைல் எண்ணை 90 நாள் வரை வேறு யாருக்கும் தரக் கூடாது. அதன் பிறகு தரலாம். அதாவது உங்கள் கணக்குகளுக்கான ஓடிபி, முன்பின் தெரியாத ஒருவருடைய போனில் போய் விழும் நாள் வரக்கூடும். எண் கைமாறியது அவருடைய குற்றமும் அல்ல.

பெரிய நிறுவனங்களுக்கு இப்படி நடக்காது என்று நினைக்க வேண்டாம். 1999 கிறிஸ்துமஸ் சமயத்தில் மைக்ரோசாஃப்ட் தன் பாஸ்போர்ட் டாட் காம் முகவரிக்கு 35 டாலர் புதுப்பிப்புக் கட்டணம் கட்ட மறந்தது. அந்த முகவரி வழியாக நுழைய வேண்டிய ஹாட்மெயில் பயனர்கள் பலரால் உள்ளே நுழைய முடியவில்லை. அமெரிக்காவில் மைக்கேல் சேனி என்ற புரோகிராமர் தன் கார்டில் அந்தப் பணத்தைக் கட்டிய பிறகுதான் சரியானது. மைக்ரோசாஃப்ட்டுக்கு ஒரு சேனி கிடைத்தார். அரிசிக் கடைக்கு அப்படி யாரும் வரமாட்டார்கள்.

வெப்சைட் என்பது ஒரே பொருள் போலத் தெரிந்தாலும் உள்ளே பல கணக்குகள் இருக்கின்றன. டொமைன் ஒன்று. பக்கங்கள் தங்கியிருக்கும் ஹோஸ்டிங் ஒன்று. உள்ளே போய் விலையை மாற்றுவதற்கான அட்மின் கணக்கு ஒன்று. கூகுள் மேப்பில் கடையைக் காட்டும் பதிவு ஒன்று. ஃபேஸ்புக் பக்கம், வாட்ஸ்அப் பிசினஸ், பணம் வாங்கும் பேமென்ட் கேட்வே என்று பட்டியல் நீளும். இதில் நான் தொடர்ந்து கவனித்த ஒன்றைச் சொல்ல வேண்டும். பேமென்ட் கேட்வே மட்டும் எப்போதும் முதலாளி பெயரில் சரியாக இருக்கும். அதற்கு பான் கார்டும் வங்கிக் கணக்கும் கேட்பார்கள். பணம் யாருக்குப் போகிறது என்பதில் யாரும் அசட்டையாக இருப்பதில்லை. டொமைன் வாங்கும்போது பெரும்பாலும் ஒரு ஈமெயிலும் ஒரு போன் எண்ணும் போதுமானதாக இருந்துவிடுகிறது. ஆகவே அந்த நேரத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பவர் பெயரே போய்விடுகிறது. ஆனால் மற்ற எல்லாக் கணக்கும் தொங்குவது அந்த டொமைனில்தான். அது போனால் கடை ஈமெயில் போகும். கடை ஈமெயில் போனால், அதை வைத்துத் திறந்த மற்ற கணக்குகளின் பாஸ்வேர்டை மாற்றும் வழியும் போகும்.

சட்டம் காப்பாற்றாதா என்று கேட்பார்கள். ஓரளவு காப்பாற்றும், ஆனால் யாருக்கு, எவ்வளவு செலவில் என்று பார்க்க வேண்டும். சென்னையிலிருந்து இயங்கும் சிஃபி நிறுவனம், அன்று சத்யம் இன்ஃபோவே என்ற பெயரில் இருந்தது. தன் பெயரைப் போலவே ஒலிக்கும் சிஃபிநெட் என்ற முகவரியை வேறொரு நிறுவனம் பதிந்து வைத்திருந்ததை எதிர்த்து அது வழக்குப் போட்டது. பெங்களூர் சிவில் நீதிமன்றம் தடை கொடுத்தது. கர்நாடக உயர் நீதிமன்றம் அதை நீக்கியது. உச்ச நீதிமன்றம் 2004 மே மாதம் மீண்டும் சிஃபிக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. டொமைன் தகராறுக்கென்று இந்தியாவில் தனிச் சட்டம் இல்லாவிட்டாலும், ஒரு வணிகப் பெயருக்குக் கிடைக்கும் பாதுகாப்பு டொமைன் பெயருக்கும் உண்டு என்று அந்தத் தீர்ப்பு உறுதிசெய்தது. சிறு வியாபாரிக்கும் அது பயன்படும்தான். ஆனால் நாஸ்டாக்கில் பட்டியலான ஒரு நிறுவனம் மூன்று நீதிமன்றம் ஏறி வாங்கிய நியாயத்தைத் தேடி, மூங்கில்துறைப்பட்டுக் கடைக்காரர் எத்தனை படி ஏற முடியும்?

நீதிமன்றம் போகாமல் நடுவர் வழியாகத் தீர்க்கும் முறையும் இருக்கிறது. டாட் காம் முகவரிக்கு ஜெனிவாவில் உள்ள உலக அறிவுசார் சொத்துரிமை அமைப்பிடம் முறையிட, ஒரே நடுவர் என்றால் 1,500 டாலர் கட்டணம். நம் பணத்தில் ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கு மேல். அங்கே நீங்கள் நிரூபிக்க வேண்டியவற்றில் முக்கியமானவை, எதிராளி அந்த முகவரியைக் கெட்ட எண்ணத்தோடு பதிந்தார், கெட்ட எண்ணத்தோடு பயன்படுத்துகிறார் என்ற இரண்டும். வெப்சைட் செய்தவர் உங்களுக்காகவே, நல்ல எண்ணத்தோடு பதிந்துவிட்டுப் பிறகு மனம் மாறியிருந்தால் முதல் பாதியே ஆட்டம் காணும். நம் நாட்டு டாட் இன் முகவரிகளை நிர்வகிக்கும் நிக்ஸியின் விதி இந்த இடத்தில் கொஞ்சம் கருணையானது. பதிந்ததிலோ பயன்படுத்துவதிலோ ஏதாவது ஒன்றில் கெட்ட எண்ணம் இருந்தால் போதும். நம் ஊர் வியாபாரத்துக்கு டாட் இன் எடுங்கள் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

அடுத்தது பலருக்கும் தெரியாத செய்தி. 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி, நீங்கள் காசு கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், நீங்களே முதல் உரிமையாளர். ஆனால் காசு கொடுத்து வெளியாளை எழுதச் சொன்ன கணினி நிரலுக்கு அந்தச் சலுகை இல்லை. உங்களிடம் சம்பளத்துக்கு வேலை செய்யும் ஊழியர் எழுதினால்தான் அது தானாக உங்களுடையது ஆகும். என்னைப் போன்ற வெளியாள் எழுதினால் உரிமை எனக்கே. நான் எழுத்தில் கையெழுத்துப் போட்டு மாற்றிக் கொடுக்க வேண்டும் என்கிறது 19ஆம் பிரிவு. அப்படி எழுதிக் கொடுக்கும்போதும் காலம் குறிப்பிடாமல் விட்டால் அது 5 ஆண்டுக்குத்தான். கல்யாண மண்டபத்தின் வெப்சைட்டுக்கு முழுப் பணமும் கொடுத்த மண்டப உரிமையாளரிடம், அதிலுள்ள படங்கள் உங்களுடையவை, அவற்றைத் தாங்கும் நிரல் சட்டப்படி இன்னும் என்னுடையது என்று சொன்னால் அவர் திகைத்துப் போவார். அதனால் நான் கொடுக்கும் கடைசி பில்லோடு ஒரு பக்கக் கடிதமும் சேர்த்துக் கொடுக்கிறேன். இந்தத் தளத்துக்காக நான் எழுதிய நிரலின் உரிமை முழுவதையும், உலகெங்கும், பதிப்புரிமை இருக்கும் காலம் முழுவதற்கும் உங்களுக்கு மாற்றித் தருகிறேன் என்று தமிழில் எழுதிக் கையெழுத்துப் போடுகிறேன்.

என் தொழில்காரர்களின் பக்கமும் நியாயம் இருக்கிறது, அதையும் பேச வேண்டும். "அட்வான்ஸ் மட்டும் கொடுத்துட்டு, சைட் ஓட ஆரம்பிச்சதும் போனே எடுக்கறதில்ல. டொமைனையும் அவங்க கையில குடுத்துட்டா பாக்கிக் காசை எப்படி வாங்கறது?" என்று சங்கராபுரத்தில் இதே வேலை செய்யும் ஒரு நண்பர் என்னிடம் கேட்டார். பாக்கி வராத வலி எனக்கும் தெரியும். ஆனால் அதற்குப் பிடிமானம் டொமைன் அல்ல. பணத்தை மூன்று தவணையாக வாங்கலாம். வேலை முடியும்வரை தளத்தை வேறு ஒரு சோதனை முகவரியில் வைத்துக் காட்டலாம். பாக்கி வந்த அன்று அசல் முகவரிக்கு மாற்றலாம். செய்த வேலையைக் கொடுக்காமல் நிறுத்தி வைக்க எனக்கு உரிமை உண்டு. அவருடைய கடைப் பெயரை நிறுத்தி வைக்க எனக்கு உரிமை இல்லை. அந்தப் பெயர் நான் பிறப்பதற்கு முன்பே அவர் தாத்தா போர்டில் எழுதி மாட்டியது.

இன்னொரு காரணம், வெளியே அதிகம் பேசாதது. எல்லா வாடிக்கையாளர்களின் டொமைனையும் ஒரே கணக்கில் வைத்திருந்தால் புதுப்பிப்பது சுலபம். வருடத்துக்கு ஆயிரம் ரூபாய் சொச்சத்தில் முடிகிற டொமைனுக்கு ஐயாயிரம் என்று பில் போடுவதும் சுலபம். பராமரிப்புக்கு ஐயாயிரம் வாங்கலாம், பத்தாயிரமும் வாங்கலாம். அதைப் பராமரிப்பு என்று எழுதி வாங்க வேண்டும்.

இந்தப் பழக்கம் வெப்சைட்டில் தொடங்கியதும் அல்ல. நம் ஊர்களில் உதவித்தொகை விண்ணப்பம், உத்யம் பதிவு, உணவுப் பாதுகாப்பு உரிமம் என்று எதற்கும் பிரவுசிங் சென்டருக்குத்தான் போகிறோம். அங்கே உட்கார்ந்திருக்கும் தம்பி, கூட்டத்தின் அவசரத்தில் சென்டரின் ஈமெயிலையே போட்டுவிடுகிறார். அடுத்த வருடம் புதுப்பிக்க வேண்டும் என்றால் அதே தம்பி அதே நாற்காலியில் இருக்க வேண்டும். கல்வராயன் மலையில் வெள்ளிமலை, கரியாலூர் பக்கத்துக் கிராமங்களை நினைக்கும்போது எனக்குக் கவலை கூடுகிறது. அங்கே ஓடிபி வர வேண்டுமென்றால் சிக்னல் இருக்கும் மேட்டுக்கு வர வேண்டிய இடங்கள் உண்டு. தேனும் சாமையும் தினையும் விற்கிற மகளிர் குழுவுக்கு ஒரு திட்டத்தின் கீழ் வெப்சைட் செய்து கொடுத்தால், கீழே டவுனில் இருக்கும் திட்டப் பொறுப்பாளரின் எண்ணைப் போடுவதுதான் எல்லாருக்கும் வசதியாகத் தெரியும். திட்டம் முடியும், பொறுப்பாளர் மாறுவார். பாட்டில் லேபிளில் முகவரி மட்டும் இருக்கும். மலையிலிருந்து ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு இறங்கி வந்தாலும் அதை மீட்க முடியாது. கஷ்டமான இடத்துக்குத்தான் கூடுதல் அக்கறை வேண்டும். அரைநாள் செலவானாலும் அந்தக் குழுவின் போனிலேயே கணக்கைத் திறந்து கொடுத்துவிட்டுத்தான் மலை இறங்க வேண்டும்.

நான் செய்வது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. முதல் நாள் கடைக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் போனிலேயே ஈமெயில் திறக்கிறோம். மீட்பு எண்ணாக மனைவியுடைய எண்ணையோ கல்லாவில் உட்காரும் மகளின் எண்ணையோ போடுகிறோம், ஏனென்றால் மனிதர் திடீரென்று இல்லாமல் போகிற வீடுகளையும் பார்த்திருக்கிறேன். துக்கத்துக்கு நடுவே அப்பாவின் ஜிமெயில் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் தேடிய பிள்ளைகள் உண்டு. ரெஜிஸ்ட்ரார் கணக்கை அந்த ஈமெயிலில் திறந்து, பணத்தை அவருடைய யுபிஐயிலிருந்தே கட்டச் சொல்கிறேன். ஒரு வருடத்துக்கு எடுக்காமல் ஐந்து வருடத்துக்கு எடுக்கச் சொல்கிறேன். பத்து வருடம் வரை எடுக்கலாம். எனக்கு வேண்டியது துணைப் பயனர் அனுமதி மட்டும். பெரிய ரெஜிஸ்ட்ரார்கள், ஹோஸ்டிங் நிறுவனங்கள், கூகுள், ஃபேஸ்புக் என்று பல இடங்களில் பாஸ்வேர்டைக் கொடுக்காமலே இன்னொருவருக்கு வேலை செய்ய அனுமதி தரும் வசதி இருக்கிறது. என்மேல் கோபம் வந்தால் அவர் ஒரே நிமிடத்தில் என்னை வெளியே அனுப்பிவிடலாம். அந்த நிலையில் இருந்துகொண்டு வேலை செய்வதுதான் எனக்கும் நிம்மதி.

ஒரு எச்சரிக்கை. இதற்கென்றே தனி ஜிமெயில் திறந்துவிட்டு அப்படியே மறந்துவிடுபவர்கள் உண்டு. இரண்டு ஆண்டு யாரும் உள்ளே போகாத தனிநபர் கணக்குகளை நீக்கும் நடைமுறையை கூகுள் 2023 டிசம்பரில் தொடங்கியது. ஆகவே தினமும் பார்க்கிற ஈமெயிலையே கொடுங்கள். எந்தக் கணக்கு எங்கே, எந்த ஈமெயிலில், எந்தத் தேதியில் காலாவதி என்பதை ஒரு தாளில் எழுதிப் பத்திரங்கள் இருக்கும் பீரோவில் வையுங்கள். பாஸ்வேர்டு அதில் வேண்டாம். இன்னொரு நகல் வேறு வீட்டில் இருக்கட்டும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின்போது சாத்தனூர் அணையிலிருந்து ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் தண்ணீர் திறக்கப்பட்டதைத் தென்பெண்ணைக் கரையில் இருப்பவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஒரே பீரோவை நம்பி எதையும் வைக்க முடியாது.

அரசுக்கும் இதில் வேலை இருக்கிறது. ரிசர்வ் வங்கி 2025இல் எல்லா வங்கிகளும் அக்டோபர் 31க்குள் பேங்க் டாட் இன் என்று முடியும் முகவரிக்கு மாற வேண்டும் என்று உத்தரவிட்டது. வங்கி என்று நிரூபித்தவருக்கு மட்டும்தான் அந்த முகவரி. முகவரி யார் கையில் இருக்கிறது என்பது மக்கள் பணத்தின் பாதுகாப்பு என்று அங்கே புரிந்துகொண்டிருக்கிறார்கள். அதே புரிதல் கீழே வர வேண்டும். எங்கள் கள்ளக்குறிச்சி 2019இல் பிறந்த மாவட்டம். அதன் மரச்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. சிற்பிகள் இணையத்தில் விற்க வேண்டும் என்று எல்லாரும் சொல்கிறோம். மாவட்டத் தொழில் மையம், மகளிர் திட்டம், கூட்டுறவுச் சங்கங்கள், சொந்தமாக வெப்சைட் வைத்தே ஆகவேண்டிய சிபிஎஸ்இ பள்ளிகள், இவை எல்லாம் கொடுக்கும் வேலை உத்தரவில் ஒரு வரி சேர்த்தால் போதும்: டொமைன், ஹோஸ்டிங் மற்றும் எல்லாக் கணக்குகளும் பயனாளியின் பெயரில், பயனாளியின் ஈமெயிலிலும் எண்ணிலும் இருந்தால்தான் கடைசித் தவணை வழங்கப்படும். பாலிடெக்னிக்கிலும் கல்லூரியிலும் வெப் டிசைன் சொல்லித் தருபவர்கள், பக்கம் கட்டுவதோடு ஒப்படைப்பதையும் ஒரு பாடமாக வைக்கலாம். ஒப்படைக்கத் தெரியாமல்தான் பலர் வைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஏற்கனவே வெப்சைட் வைத்திருப்பவர்கள் இந்த வாரமே செய்தவரிடம் மூன்று விஷயம் கேளுங்கள்: எந்த ரெஜிஸ்ட்ரார், யார் பெயரில், எந்தத் தேதி வரை. அவர் பெயரில் இருந்தால் சண்டை வேண்டாம். பெரும்பாலும் அது பழக்கம்தான், சூழ்ச்சி அல்ல. அதே ரெஜிஸ்ட்ராரிடம் உங்களுக்கு ஒரு கணக்கு திறந்தால், அவர் தன் கணக்கிலிருந்து உங்கள் கணக்குக்கு மாற்றிவிடலாம், அதிக நேரம் பிடிக்காது. வேறு ரெஜிஸ்ட்ராருக்குப் போவதென்றால் ஒரு மாற்றக் குறியீடு வேண்டும். டாட் காமுக்கு அதைக் கேட்ட 5 நாளுக்குள் ரெஜிஸ்ட்ரார் தந்தாக வேண்டும். உரிமையாளர் பெயரை மாற்றினால் சில சமயம் 60 நாள் வரை வேறு ரெஜிஸ்ட்ராருக்கு நகர்த்த முடியாமல் பூட்டிக்கொள்ளும். அதனால் காலாவதித் தேதி நெருங்கும்வரை காத்திருக்க வேண்டாம். அவர் ஊரில் இருக்கும்போதே, அந்தப் போன் எண் இன்னும் அவர் கையில் இருக்கும்போதே, போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து மாற்றி வாங்கிக்கொள்ளுங்கள்.